புராஸ்டேட் கேன்சர் என்று ரிப்போர்ட் வந்துவிட்டதா? மும்பைத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்டு என்று மும்பையில் நம் ஆட்கள் இருக்கிற எந்தப் பகுதியிலும் சரி, ஒரு வீட்டில் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி) கேன்சர் என்று ரிப்போர்ட் வந்தால் அன்று சாயங்காலத்துக்குள் ஆளுக்கொரு யோசனை வந்து சேரும். ரோபோ ஆபரேஷன்தான் நல்லது என்பார் ஒருவர். கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தாலே போதும் என்பார் இன்னொருவர். எழுபது வயசுக்கு மேல் எதற்கு இதெல்லாம், ஊருக்குக் கூட்டிக்கொண்டு வாங்க என்று திருநெல்வேலியிலிருந்து போன் வரும். மூன்றுமே சிலருக்குப் பொருந்தும், சிலருக்குப் பொருந்தாது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிக்கும் வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் எழுதப் போகிறேன். சொந்தக்காரர்களோடும் அக்கம்பக்கத்தாரோடும் பரேலில் இருக்கிற டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரிக்கு அலைந்து தெரிந்துகொண்டது இது. நான் டாக்டர் இல்லை. மருந்தும் அளவும் அவர்கள் சொல்வதுதான்.

முதலில் ஒரு கணக்கு. நோய் புராஸ்டேட்டைத் தாண்டாத நிலையில் சிகிச்சை எடுத்துக்கொண்ட 2000-க்கும் மேற்பட்ட அமெரிக்க ஆண்களிடம், 5 வருடம் கழித்து “எடுத்த முடிவுக்கு வருந்துகிறீர்களா?” என்று கேட்ட ஆய்வு ஒன்று 2022-ல் வெளியானது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 16 சதவீதம், கதிர்வீச்சு எடுத்தவர்களில் 11 சதவீதம், சிகிச்சையைத் தள்ளிவைத்துக் கண்காணிப்பில் இருந்தவர்களில் 7 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். இந்த வருத்தத்தோடு மிக அதிகமாகச் சேர்ந்து வந்தது எது தெரியுமா? முன்கூட்டியே நினைத்திருந்ததற்கும் பிறகு நடந்ததற்கும் இருந்த தூரம். சிறுநீர் கசியும் என்று தெரிந்து போனவர் பேட் கட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கிறார். யாருமே சொல்லாமல் போனவர் “என்னை ஏமாற்றிவிட்டார்கள்” என்கிறார். கசிவு இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான். அதனால் ஆஸ்பத்திரி பெயரை விசாரிப்பதில் செலவழிக்கிற நேரத்தில் பாதியையாவது, பின்னால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்வதில் செலவழியுங்கள் என்பேன்.

ஃபைலைச் சரி செய்யுங்கள்

ஒரு தடிமனான ஃபைல் வாங்கி எல்லா ரிப்போர்ட்டுகளையும் தேதி வாரியாக அடுக்குங்கள். முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளில் இதுவரை எடுத்த பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கிற ஒரு புரதத்தின் அளவு) ரத்தப் பரிசோதனை எண்களைத் தேதியோடு எழுதுங்கள். பக்கத்திலேயே அவர் தினமும் சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் எழுதுங்கள். இதில் ஒன்று முக்கியம். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தருகிற ஃபினாஸ்டரைட், டுடாஸ்டரைட் மாத்திரைகள் பி.எஸ்.ஏ. எண்ணை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டும். அதை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவருக்கு 5 என்று வந்தால் நிஜத்தில் 10 அளவுக்கு இருக்கலாம். நேர்மாறாக, சிறுநீர்த் தொற்று இருக்கும்போது எடுத்த எண் கேன்சர் இல்லாமலே ஏறியிருக்கலாம். பி.எஸ்.ஏ. மட்டும் அதிகமாக வந்து பயாப்ஸி (ஊசியால் திசுவை எடுத்துச் சோதிப்பது) இன்னும் செய்யவில்லை என்றால் கேன்சர் என்று யாரும் முடிவு கட்ட வேண்டியதில்லை. வயதானவர்களுக்கு வருகிற சாதாரண வீக்கத்திலும் அது ஏறும்.

பயாப்ஸி செய்வதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுப்பது நல்லது. ஊசி குத்தியபின் உள்ளே ரத்தக்கட்டு இருக்கும், படம் தெளிவாக வராது, சில வாரம் காத்திருக்க வேண்டிவரும். எடுத்த எம்.ஆர்.ஐ.க்கு ஃபிலிமோடு சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். பயாப்ஸி வெளியில் நடந்திருந்தால் லேபிலிருந்து அந்தத் திசு இருக்கிற ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் எழுதிக் கொடுத்து வாங்கி வையுங்கள். பெரிய கேன்சர் ஆஸ்பத்திரிகள் அடுத்தவர் எழுதிய ரிப்போர்ட்டை அப்படியே ஏற்பதில்லை. திசுவைத் தாங்களே மறுபடி பார்ப்பார்கள். பிளாக் இல்லாமல் போய் நின்றால் அதற்காகவே ஒரு நாள் போகும்.

நகல் தர மறுத்தால் தயங்காமல் கேளுங்கள். நோயாளியின் பதிவேடுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-லிருந்து இருக்கிற மருத்துவக் கவுன்சில் விதி. விதியின் பெயரைச் சொன்னாலே பாதி இடங்களில் வேலை நடந்துவிடும்.

எந்த அளவு நோய் என்று கேளுங்கள்

நான்கு தகவல் கையில் இல்லாமல் சிகிச்சையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. பி.எஸ்.ஏ. எண், கிளீசன் ஸ்கோர் (திசுவைப் பார்த்து நோயின் வேகத்துக்குப் போடுகிற மதிப்பெண்), கட்டி புராஸ்டேட்டுக்குள்ளேயே இருக்கிறதா வெளியே வந்துவிட்டதா, எலும்புக்கோ நிணநீர் முடிச்சுகளுக்கோ பரவியிருக்கிறதா. கடைசியைத் தெரிந்துகொள்ளத்தான் எலும்பு ஸ்கேன் அல்லது பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன். எல்லாருக்கும் அது தேவைப்படாது.

கிளீசன் ஸ்கோரைப் பார்த்து நம் வீடுகளில் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். 6 என்று போட்டிருந்தால் பத்துக்கு ஆறு, பாதிக்கு மேல் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். பயாப்ஸியில் இந்த அளவுகோல் நடைமுறையில் 6-லிருந்துதான் தொடங்குகிறது. 6 என்பது இருப்பதிலேயே சாதுவான வகை. 7 நடுவில். 8, 9, 10 வேகமானவை. கிளீசன் 6, பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழே, கட்டி சிறியது என்றால் அபாயம் குறைந்த பிரிவு. பி.எஸ்.ஏ. 20-க்கு மேல், அல்லது கிளீசன் 8 அல்லது அதற்கு மேல், அல்லது கட்டி வெளியே வந்துவிட்டது என்றால் அபாயம் மிகுந்த பிரிவு. மிச்சமெல்லாம் நடுவாந்தரம்.

டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: “எந்த ரிஸ்க் குரூப்?” ஒரே வார்த்தையில் பதில் வரும். வீட்டில் நடக்கிற விவாதம் எல்லாம் அந்த வார்த்தையிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பரவிய நோய்க்கு எடுத்த சிகிச்சையை ஆரம்ப நிலையில் இருப்பவரோடு ஒப்பிட்டுப் பேசுவதுதான் நம்மிடம் அதிகம் நடக்கிறது.

அப்புறம் அவசரம். புராஸ்டேட் கேன்சர் பெரும்பாலும் மெதுவாக வளர்கிறது. பரவாத நோய் என்றால் சில வாரங்கள் யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது. “இன்றே அட்வான்ஸ் கட்டுங்கள், நாளை மறுநாள் தியேட்டர் காலியாக இருக்கிறது” என்று யாராவது அழுத்தினால் அதை ஒரு எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு விஷயத்தில் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் அடியோடு நின்றுபோவது ஒன்று. முதுகுவலியோடு கால் மரத்துப்போவதும் நடக்க முடியாமல் தள்ளாடுவதும் இன்னொன்று. இரண்டாவது, நோய் முதுகெலும்பில் இறங்கித் தண்டுவடத்தை அழுத்துவதாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ராத்திரி ஆனாலும்.

பரேலில் எப்படி நடந்துகொள்வது

டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி 1941 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 1962-லிருந்து மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது. மும்பையில் வேறு நல்ல இடங்களும் உண்டு. தனியார் ஆஸ்பத்திரியில் ரோபோ வைத்து அருமையாக ஆபரேஷன் செய்கிற சர்ஜன்களும் உண்டு. ஆனால் சிகிச்சையை எங்கே எடுத்துக்கொண்டாலும், முடிவெடுக்கும் முன் ஒரு தடவை பரேலில் காட்டிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். அங்கே ஒவ்வொரு உறுப்பின் கேன்சருக்கும் சர்ஜன், கதிர்வீச்சு டாக்டர், மருந்து டாக்டர் எல்லாரும் சேர்ந்த ஒரு குழு இருக்கிறது. எந்த ஒரு சிகிச்சையையும் விற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

பதிவு செய்யும்போது ஜெனரலா பிரைவேட்டா என்று கேட்பார்கள். டாக்டர்கள் ஒன்றுதான். கட்டணமும் காத்திருக்கும் நேரமும் மாறும். பதிவானதும் கேஸ் நம்பரும் பணம் போட்டு வைக்கிற ஸ்மார்ட் கார்டும் கிடைக்கும். கேஸ் நம்பரை வீட்டில் எல்லாருடைய போனிலும் ஏற்றி வையுங்கள். முதல் நாள் முழுவதும் வரிசையில்தான் போகும். சர்க்கரை நோயாளி என்றால் சாப்பாடும் மாத்திரையும் கையில் இருக்கட்டும்.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்ட்ரல் லைனில் ஃபாஸ்ட் வண்டி பரேலில் நிற்காது, தாதரில் மாற வேண்டும். ஸ்லோ வண்டி என்றால் நேரே இறங்கலாம். லோக்கலில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் கேன்சர் நோயாளிகளும் ஏறலாம். இது பலருக்குத் தெரியாமல் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு வருகிறார்கள். ஆஸ்பத்திரிக் காகிதம் பையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு நெடுந்தூர வண்டிகளில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, துணைக்கு வருகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.

மொழிப் பிரச்சினை உண்டு. ஓ.பி.யில் இந்தி, மராத்தி, ஆங்கிலம்தான் ஓடும். டாக்டரோடு கிடைப்பது சில நிமிடங்கள். பையன் இங்கிலீஷில் பேசுவான், டாக்டர் பதில் சொல்வார், அப்பா நடுவில் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளியே வந்ததும் “என்னடா சொன்னார்?” என்பார். “ஒண்ணுமில்லப்பா, எல்லாம் சரியாயிடும்.” இந்த ஒரு வரியில்தான் பின்னால் வருகிற மனக்கசப்பு எல்லாம் விதைக்கப்படுகிறது. சொன்னதை அங்கேயே, டாக்டர் முன்னாலேயே, அப்பாவுக்குத் தமிழில் சொல்லுங்கள். ஒரு நிமிடம் கூடுதலாக ஆனால் ஆகட்டும். டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பேச்சைப் போனில் பதிவு செய்துகொள்ளலாமா என்று பாருங்கள். சம்மதித்தால் ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து கேட்கலாம்.

நோயின் பெயரையே அப்பாவிடம் மறைக்கிற வீடுகளும் இருக்கின்றன. பாசத்தில் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் பேட் கட்டப்போவதும் ஊசி போட்டுக்கொள்ளப்போவதும் அவர். தாதரில் இறங்கிப் பரேலில் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தவருக்கு அது என்ன ஆஸ்பத்திரி என்று தெரியாமலா இருக்கும்?

இரண்டு டாக்டரையும் பாருங்கள்

பரவாத நோய்க்கு ஆபரேஷனும் ஒரு வழி, கதிர்வீச்சும் ஒரு வழி. சர்ஜன் ஆபரேஷனைப் பற்றி விரிவாகச் சொல்வார், கதிர்வீச்சு டாக்டர் கதிர்வீச்சைப் பற்றி. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, தினமும் செய்கிற வேலை மேல் யாருக்கும் நம்பிக்கை இருக்கும். அதனால் இரண்டு பேரையும் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். சர்ஜனே “அங்கே போக வேண்டாம்” என்று தடுத்தால், ஏன் என்று காரணம் கேளுங்கள்.

பிரிட்டனில் 1643 ஆண்களைச் சீட்டுக் குலுக்குவது மாதிரி மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவுக்கு வெறும் கண்காணிப்பு என்று வைத்து 15 வருடம் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. எந்தப் பிரிவிலும் புராஸ்டேட் கேன்சரால் இறந்தவர்கள் 100-க்கு 3 பேர் அளவுதான். கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் பரவியது மட்டும் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அபாயம் குறைந்த, நடுத்தரமான நோய் உள்ளவர்கள். வேகமான நோய்க்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோய் ஒட்டக் கூடாது.

இதே ஆய்வில் அன்றாட வாழ்க்கையைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். 6-வது மாதத்தில் சிறுநீர்க் கசிவுக்குப் பேட் வைத்தவர்கள் ஆபரேஷன் பிரிவில் 46 சதவீதம், கதிர்வீச்சில் 5 சதவீதம். 6 வருடம் கழித்து ஆபரேஷன் பிரிவில் அது 17 சதவீதமாக இறங்கிவிட்டது. தாம்பத்தியத்துக்குப் போதுமான விறைப்பு 6-வது மாதத்தில் இருந்தது ஆபரேஷன் பிரிவில் 12 சதவீதம் பேருக்கு, கதிர்வீச்சில் 22, கண்காணிப்பில் 52. சிகிச்சைக்கு முன் மூன்று பிரிவையும் சேர்த்து இது 67 சதவீதம். 6-வது வருடத்தில் 17, 27, 30 என்று நெருங்கி வந்துவிட்டன. வயசு ஏறுவதும் தன் வேலையைச் செய்கிறது.

கையில் கிடைக்கிற விளம்பரத் தாள் எதிலும் இந்த எண்கள் இருப்பதில்லை. உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது: “உங்கள் நோயாளிகளில் ஒரு வருடம் கழித்துப் பேட் இல்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்? வருடத்துக்கு எத்தனை ஆபரேஷன் செய்கிறீர்கள்?” ரோபோவா, லேப்ராஸ்கோப்பியா, திறந்த ஆபரேஷனா என்பதைவிட யார் கை செய்கிறது என்பதே பெரிய விஷயம். ரோபோவில் ரத்தப்போக்கு குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். பணம் அதிகம்.

ஒவ்வொன்றிலும் நாள் எப்படிப் போகும்

ஆபரேஷன் என்றால் வீட்டுக்கு வரும்போது டியூப்பும் பையும் இருக்கும், ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு. டியூப்பை எடுத்த அன்று கசிவு அதிகமாக இருக்கும். வரும்போதே பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கி வாருங்கள். இடுப்படித் தசையை இறுக்கி விடுகிற பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்பே பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்வது நல்லது. பல பேருக்கு மாதக்கணக்கில் படிப்படியாகச் சரியாகிறது. கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற அண்ணாச்சி சீக்கிரம் தொழிலுக்குத் திரும்பலாம். மூட்டை தூக்குகிற வேலை என்றால் அதிக நாள் ஆகும், கசிவும் பளு தூக்கும்போதுதான் அதிகம்.

கதிர்வீச்சு, நம் ஆட்கள் சொல்கிற கரண்ட், வலிக்காது. முன்பு 37 சிட்டிங் வரை கொடுத்தார்கள். இப்போது 20 சிட்டிங், அதாவது 4 வாரம், பரவலாகிவிட்டது. பொருத்தமானவர்களுக்கு 5 சிட்டிங்கில் முடிக்கும் முறையும் இருக்கிறது. பரேலிலேயே, அபாயம் மிகுந்த நோய் உள்ள 224 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2021-ல் வெளியானது. இடுப்புப் பகுதி நிணநீர் முடிச்சுகளுக்கும் சேர்த்துக் கதிர்வீச்சு கொடுத்தால் 5 வருடத்தில் நோய் திரும்பாமல் இருப்பது கூடுகிறது என்று அது சொன்னது. உங்களுடையது அந்தப் பிரிவு என்றால் “முடிச்சுகளுக்கும் சேர்த்தா?” என்று கேட்டுப் பாருங்கள்.

இதில் மும்பைக்காரர்களுக்கென்றே ஒரு சங்கடம். ஒவ்வொரு சிட்டிங்கிலும் மலக்குடல் காலியாகவும் சிறுநீர்ப்பை நிறைந்தும் இருக்க வேண்டும். குறிப்பிட்ட அளவு தண்ணீர் குடித்துவிட்டு, குறிப்பிட்ட நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். அளவு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். இதை முலுண்டில் வீட்டிலேயே குடித்துவிட்டு ரயில் ஏறினால் காட்கோபர் தாண்டுவதற்குள் உயிர் போய்விடும். போய்ச் சேர்ந்து, உங்கள் முறை எப்போது என்று டெக்னீஷியனிடம் கேட்டபிறகே குடியுங்கள். மெஷின் தாமதமானால் அடக்க முடியாதவர்கள் கூச்சப்படாமல் சொல்லிவிட்டுப் போய் வரலாம், மறுபடி குடித்து மறுபடி காத்திருக்க வேண்டும், அவ்வளவே. மாற்று வேட்டி ஒன்று பையில் இருக்கட்டும். ஜூலை, ஆகஸ்ட் மழையில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிடும். சிட்டிங் இடையில் விடுபடுவது நல்லதல்ல. மழைக்காலத்தில் தேதி விழுந்தால் தாதர், மாட்டுங்கா பக்கம் உறவினர் வீட்டில் அந்த 4 வாரம் தங்கிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். மாட்டுங்காவில் சாப்பாட்டுக் கவலையும் இல்லை.

கதிர்வீச்சின்போது அடிக்கடி சிறுநீர், எரிச்சல், வயிற்றுப்போக்கு வரும். முடிந்தபின் சில வாரங்களில் குறையும். சிலருக்கு மாதங்களோ வருடங்களோ கழித்து மலத்தில் ரத்தம் வரலாம். வந்தால் கதிர்வீச்சு டாக்டரிடமே முதலில் காட்டுங்கள். விஷயம் தெரியாத வேறொருவர் அவசரப்பட்டு அங்கே பயாப்ஸி எடுத்தால் புண் ஆறாமல் போகலாம்.

கண்காணிப்பு என்பதை “ஒன்றும் செய்யாமல் விடுவது” என்று நம் வீட்டுப் பெண்கள் பயப்படுகிறார்கள். 6 மாதத்துக்கு ஒரு தடவை பி.எஸ்.ஏ., இடையிடையே எம்.ஆர்.ஐ., மறுபடி பயாப்ஸி என்று அது ஒழுங்காகப் போகிற ஒரு திட்டம். எண்ணோ ஸ்கோரோ ஏறினால் அப்போது சிகிச்சை. கிளீசன் 6 உள்ளவர்களுக்கு டாக்டரே இதைச் சொன்னால் அலட்சியம் என்று நினைக்காதீர்கள். ஆனால் தேதி தவறாமல் வருகிறவர்களுக்கு மட்டும்தான் இது. ஊருக்குப் போனால் ஆறு மாதம் திரும்பாதவர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

நோய் பரவியிருந்தாலும், வேகமான நோய்க்குக் கதிர்வீச்சோடு சேர்த்தும், ஹார்மோன் சிகிச்சை வரும். ஆண் ஹார்மோன்தான் இந்த நோய்க்குத் தீனி. சார்லஸ் ஹக்கின்ஸ் இதைக் காட்டியது, பரேல் ஆஸ்பத்திரி திறந்த அதே 1941-ல். 1966-ல் நோபல் பரிசு வாங்கினார். ஹார்மோனை நிறுத்த இரண்டு வழி: மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒரு ஊசி, அல்லது விதைகளை எடுத்துவிடுகிற சின்ன ஆபரேஷன். பலன் ஒன்றுதான். ஆபரேஷன் ஒரே தடவைச் செலவு, ஆனால் திரும்ப முடியாது. ஊசி தொடர்ந்து செலவு, ஒரு தவணையும் தவறக் கூடாது. கதிர்வீச்சோடு 6 மாதமோ 2, 3 வருடமோ மட்டும் தேவைப்படுகிறவருக்கு ஊசிதான் சரி. வாழ்நாள் முழுக்கத் தேவைப்படுகிறவர், பணம் கஷ்டம், அடிக்கடி வர முடியாது என்றால் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம். இதைப் பெரியவரைக் கேட்காமல் பிள்ளைகள் முடிவு செய்வது கூடவே கூடாது. எழுபத்தைந்து வயதிலும் அது அவர் உடம்பு.

ஹார்மோன் சிகிச்சையில் திடீரென்று உடம்பு சூடாகி வேர்க்கும், எடை கூடும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், மனசு சோர்ந்துபோகும், சுள்ளென்று கோபம் வரும். “அப்பா மாறிவிட்டார்” என்று வீட்டில் சண்டை வருவதற்கு முன் இது மருந்தின் வேலை என்று எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். தினமும் நடப்பதும் லேசான உடற்பயிற்சியும் நிஜமாகவே உதவுகிறது.

கூச்சத்தைப் பற்றி

இந்த நோயில் நம்மவர்கள் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்றுதான், அது தாம்பத்தியம். பிள்ளைக்கு முன்னால் அப்பா கேட்க மாட்டார். மருமகள் மொழிபெயர்க்க வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இதற்கு ஒரு வழி: டாக்டரைப் பார்க்கும்போது கடைசி இரண்டு நிமிடம் பிள்ளைகள் வெளியே போய்விடுங்கள், அம்மா மட்டும் உள்ளே இருக்கட்டும். மொழி தெரியாது என்றால் முன்கூட்டியே ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். நரம்பைக் காப்பாற்றி ஆபரேஷன் செய்ய முடியுமா, விந்து வராமல் போகுமா, மாத்திரை உதவுமா என்று மூன்று கேள்வி போதும். ஆபரேஷனுக்குப் பின் விந்து வெளியே வராது. அது எல்லாருக்கும்தான். முதல் தடவை தெரியும்போது அதிர்ச்சியாக இருக்கக் கூடாது. விறைப்புக்கான மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கக் கூடாது. நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

பணம்

70 வயதைத் தாண்டியவர் என்றால் 2024 அக்டோபரிலிருந்து வருமான வரம்பு இல்லாமல் ஆயுஷ்மான் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. ஆதாரை வைத்து அட்டை எடுக்கலாம். புராஸ்டேட் கேன்சர் வருகிறவர்களில் பலர் அந்த வயதுதான், இன்னும் அட்டை எடுக்காதவர்கள் ஏராளம். மகாராஷ்டிரா ரேஷன் கார்டு இருந்தால் மகாத்மா ஜோதிராவ் புலே திட்டமும் இருக்கிறது. எந்த சிகிச்சைக்கு எவ்வளவு என்பதை ஆஸ்பத்திரியின் மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர் அறையில் கேளுங்கள். முதல் நாளே கேளுங்கள், பணம் கட்டிய பிறகு போனால் அவர்களால் செய்ய முடிவது குறைவு.

பரவிய நோய்க்குத் தருகிற அபிராடெரோன் மாத்திரைக்கு இந்தியக் கம்பெனிகளின் தயாரிப்புகள் வந்தபின் விலை நிறைய இறங்கிவிட்டது. வெறும் வயிற்றில் 1000 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 2018-ல் வந்த ஒரு சின்ன ஆய்வு, கொழுப்புக் குறைந்த காலை உணவோடு 250 மில்லிகிராம் எடுத்தாலும் பி.எஸ்.ஏ. அதே அளவு இறங்குகிறது என்றது. பணம் முட்டும் வீடுகளில் இதைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். நீங்களாகக் குறைப்பது, இட்லியோ பூரியோ கிடைத்ததோடு போட்டுக்கொள்வது, இரண்டும் ஆபத்து. இந்த மாத்திரை சாப்பிடும்போது ஈரலைக் கவனிக்க வேண்டும். அதனால் சித்த மருந்து, கஷாயம் எது எடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

முடிவெடுத்த பிறகு

கையெழுத்துப் போடும் முன் பெரியவரையே தன் வாயால் சொல்லச் சொல்லுங்கள்: எனக்கு என்ன செய்யப் போகிறார்கள், எதற்கு, அப்புறம் என்ன தொந்தரவு வரும். தடுமாறினால் இன்னொரு ஓ.பி. தேதி வாங்குங்கள். வேறு கருத்துக் கேட்பது டாக்டரை அவமதிப்பதில்லை. உங்கள் உரிமை. பரேலுக்கு வரமுடியாதவர்கள் நவ்யா என்கிற இணைய வசதியின் வழியே ரிப்போர்ட்டுகளை ஏற்றி அங்குள்ள நிபுணர்களின் கருத்தை எழுத்தில் வாங்கலாம்.

சிகிச்சை முடிந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் ஊசியையும் பரிசோதனையையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், வேலூர் சி.எம்.சி. எல்லாம் டாடாவோடு சேர்ந்து நேஷனல் கேன்சர் கிரிட் என்ற இணைப்பில் இருப்பவை. சிகிச்சைச் சுருக்கத் தாளும், கதிர்வீச்சு எடுத்திருந்தால் எவ்வளவு டோஸ், எந்த இடம் என்ற விவரமும் இல்லாமல் மும்பையை விட்டுக் கிளம்பாதீர்கள்.

பி.எஸ்.ஏ.வை எப்போதும் ஒரே லேபில் எடுங்கள். ஆபரேஷனுக்குப் பின் அது கிட்டத்தட்ட பூஜ்ஜியத்துக்கு இறங்க வேண்டும். 0.2-ஐத் தொட்டு, மறுபடி எடுத்தாலும் அப்படியே இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். கதிர்வீச்சுக்குப் பின் மாதக்கணக்கில் மெதுவாகத்தான் இறங்கும், நடுவில் கொஞ்சம் ஏறி மறுபடி இறங்குவதும் உண்டு. எட்டிய மிகக் குறைந்த எண்ணைவிட 2 கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு. ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்த அந்த ராத்திரி ஊரெல்லாம் போன் போடுவதற்கு முன், ஃபைலின் முதல் பக்கத்தில் நீங்கள் எழுதி வைத்த பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்புங்கள்.